இது காஸ் இல்லை, அல்பினின் ஈஸ்ட்

அல்பின் கோஸேராவின் மூக்கு பார்க்க நல்ல எடுப்பான மூக்கு. ஆனால் மூச்சு விடுவதைத் தவிர அதற்கு வேறு வேலை தெரியாது. முப்பத்தோரு வயதில் அவர் ஒரு குளிர்பதனக் கிடங்கில் வேலை பார்த்தபோது அம்மோனியாக் குழாய் ஒன்று முகத்துக்கு நேராக வெடித்தது. கண்ணைக் காப்பாற்றிவிட்டார்கள். மூக்கில் நரம்பு போனது போனதுதான் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். அதற்கப்புறம் அல்பின் எங்கள் லூப்லின் நகரத்தில் தலைக்கு மேல் மின்கம்பியில் ஓடும் டிராலிபஸ் ஓட்டப் போனார். ஆகஸ்ட் மாத மத்தியானத்தில் நெரிசலான வண்டியில் மற்ற டிரைவர்கள் தலையை ஜன்னலுக்கு வெளியே தொங்கவிட்டுக்கொண்டு ஓட்டும்போது இவர் மட்டும் கண்ணாடியை ஏற்றிவிட்டு நிம்மதியாக உட்கார்ந்திருப்பார். அந்தத் தொழிலுக்கு அது ஒரு கொடுப்பினை.

எங்கள் கட்டடத்தில் ஒரே படிக்கட்டு, நாலு மாடி, எட்டு வீடு. அல்பினும் அவர் மனைவி ரெனாத்தாவும் இரண்டாம் மாடி. நான் அவர்களுக்கு நேர் மேலே மூன்றாம் மாடி. ரெனாத்தா ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்தாள். தினமும் முந்நூறு பேருக்குச் சூப் வைக்கிறவளுக்கு மூக்கு எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. வீட்டில் இரண்டு பேருக்கும் சேர்த்து அவள்தான் மோந்து பார்ப்பாள். "பால் கெட்டுப்போச்சு." "சட்டையை மாத்து." "அந்தக் காலுறையைத் தொடாதே, நானே எடுக்கறேன்." இருபத்திரண்டு வருஷமாக இப்படித்தான் குடும்பம் நடந்தது, ஒரு குறையும் இல்லை.

அல்பினுக்கு ஐம்பத்து மூன்று ஆனபோது, அவருடைய பெயர்நாளுக்கு, அதாவது அவர் பெயர்கொண்ட புனிதரின் திருநாளுக்கு, கல்யாணமாகி வேறு ஊரில் இருக்கிற மகள் ஒரு பெட்டி அனுப்பினாள். அதில் ஒரு பிளாஸ்டிக் டிரம், அதன் மூடியில் செருக வளைந்த ஒரு குழாய், ஒரு டப்பாவில் முளைகட்டிய பார்லியின் பாகு, ஒரு பொட்டலம் ஈஸ்ட். வீட்டிலேயே பீர் செய்துகொள்ளலாம். அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரே என்று அவளுக்குக் கவலை.

முதல் பீர் மூன்று வாரத்தில் தயாரானது. ஒரு பாட்டிலை எனக்கும் கொண்டுவந்து தந்தார். எதிரிலேயே நின்றார். எங்கள் ஊரில் மரியாதைக்குப் பெண்கள் பெயருக்கு முன்னால் 'பானி', ஆண்கள் பெயருக்கு முன்னால் 'பான்' என்று சேர்த்துக்கொள்வோம்.

"எப்படி இருக்கு, பானி யூலிட்டா?"

"நல்லா இருக்கு. கொஞ்சம் ரொட்டி வாசனை."

"ரொட்டியா?" அவர் முகம் மலர்ந்தது. "எனக்கு வாசனை தெரியாது இல்லையா. ஆனா ஒண்ணு சொல்றேன் கேளுங்க. குடிச்சதும் அந்த நுரை மேல ஏறி மூக்குக்குள்ள சுருக்குனு குத்திச்சு. இத்தனை வருஷத்துல என் மூக்கு ஒண்ணை உணர்ந்தது அதுதான் முதல் தடவை."

கடைப் பீரும் அப்படித்தான் குத்தும் என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும்தான். ஆனால் அவர் சொன்ன விதத்தைப் பார்த்து நான் இன்னொரு வாய் குடித்தேன்.

அன்றிலிருந்து மனிதர் மாறிப்போனார். டப்பாப் பாகை விட்டுவிட்டு முளைகட்டிய முழு பார்லியே வாங்கி இடித்தார். பெரிய அண்டாவில் கஷாயம் காய்ச்சினார். கசப்புக்கு ஹாப்ஸ் என்ற பூவைத் துணியில் கட்டிப் போட்டார். குளியல்தொட்டி முழுக்கப் பாட்டில்கள் ஊறிக்கொண்டிருந்ததால் ரெனாத்தா வாரத்தில் நாலு நாள் பள்ளிக்கூடத்திலேயே குளித்துவிட்டு வந்தாள். டிரம்மில் ஈஸ்ட் எப்படி வேலை செய்கிறது என்பதை அவர் காதால்தான் தெரிந்துகொள்வார். வளைந்த குழாயில் தண்ணீர் ஊற்றியிருக்கும். உள்ளே காற்று சேரச் சேர அது 'ப்ளுக்' என்று குமிழி விடும். ஒரு நிமிஷத்துக்கு எத்தனை 'ப்ளுக்' என்று கடிகாரம் வைத்து எண்ணி நோட்டில் எழுதுவார்.

அந்த வருஷம் டிசம்பரில் அவருக்கு ஆசை பெருகியது. குளிரில் வேலை செய்கிற ஈஸ்ட் ஒரு வகை உண்டு. டிரம்மின் அடியில் தங்கி, பத்து டிகிரியில், மெதுவாகப் புளிக்க வைக்கும். தெளிந்த பொன்னிற பீர் அதில்தான் வரும். அல்பின் சமையலறைக்குப் பக்கத்துச் சரக்கறையின் ஜன்னலைத் திறந்துவைத்தார், வெளியே பனி. உள்ளே சரியாகப் பத்து டிகிரி. ஈஸ்ட்டைப் போட்டு மூடினார்.

அந்த வகை ஈஸ்ட்டுக்கு ஒரு குணம். உச்சத்தில் வேலை செய்யும்போது, அதுவும் சாப்பாடு பற்றாமல் போனால், அழுகின முட்டை நாற்றத்தைக் கிளப்பும். பீருக்கு ஒன்றும் ஆகாது, சில வாரத்தில் தானாகப் போய்விடும். புத்தகத்தில் அந்த வரிக்கு அல்பின் சிவப்புப் பென்சிலால் கோடும் போட்டிருந்தார். ஆனால் கோடு போட்டவருக்கு நாற்றம் எட்டாது. நாற்றம் எட்டியவர்களோ புத்தகம் படிக்கவில்லை.

சரக்கறையில் ஒரு காற்றுப்போக்கி இருந்தது. எல்லா வீட்டுச் சமையலறைக்கும் அதே கூண்டுதான்.

ஜனவரியில் எங்கள் பங்குச் சாமியார் வீடு வீடாக வந்து ஆசீர்வாதம் செய்வார். மேசை மேல் வெள்ளைத் துணி, சிலுவை, இரண்டு மெழுகுவத்தி. ரெனாத்தா இரண்டு நாளாக வீட்டைத் துடைத்திருந்தாள். நானும் அன்று அவளுக்கு உதவியாக அங்கேதான் இருந்தேன். உள்ளே நுழைந்ததும் எனக்கு மூச்சு நின்றது.

"ரெனாத்தா, இது என்ன கண்றாவி?"

"கேக்காதே, யூலிட்டா. நேத்து ராத்திரியிலேர்ந்து. டிரம்மைப் பால்கனிக்குத் தூக்குன்னா, உறைஞ்சு செத்துடும்ங்கறான். அவனுக்கென்ன, ரோஜாத் தோட்டத்துல உக்காந்த மாதிரி இருக்கான்."

"நாறுதா?" அல்பின் ஆவலாகக் கேட்டார். "எவ்வளவு நாறுது? ரொம்பவா? நல்லது, நல்லது, ஈஸ்ட் உயிரோட இருக்கு."

அழைப்பு மணி அடித்தது. சாமியார் வந்துவிட்டார். நல்ல உயரம், சிவந்த கன்னம். வாசலில் சிரித்துக்கொண்டு வந்தவர் கூடத்துக்குள் வந்ததும் சிரிப்பை மட்டும் வைத்துக்கொண்டு மூச்சை நிறுத்திக்கொண்டார். ஜெபம் ஆரம்பித்தது. நாங்கள் தலை குனிந்து நின்றோம். "இந்த வீட்டில் அமைதி நிலவட்டும்" என்று அவர் சொல்லி நிறுத்திய இடத்தில், சரக்கறைக் கதவுக்குப் பின்னாலிருந்து, அதாவது அல்பின் நின்ற இடத்துக்கு நேர் பின்னாலிருந்து, 'ப்ளுக்' என்றது.

சாமியார் அடுத்த வரிக்குப் போனார். 'ப்ளுக்.' ரெனாத்தா கண்ணை இறுக மூடிக்கொண்டாள். அவள் காது சிவந்துகொண்டே போவதை நான் பார்த்தேன். அல்பின் மட்டும் உதட்டை அசைத்து ஏதோ முணுமுணுத்தார். ஜெபம் சொல்கிறார் என்று நினைத்தேன். நிமிஷத்துக்கு எத்தனை என்று எண்ணிக்கொண்டிருந்தார்.

தீர்த்தம் தெளித்து முடித்து, சாமியார் உட்காரவில்லை. வழக்கமாக டீ குடிப்பார். அன்று அல்பினின் தோளில் கை வைத்துத் தனியாக ஜன்னல் பக்கம் அழைத்துப் போனார். மெதுவாகத்தான் பேசினார், ஆனால் கூடம் சின்னது.

"பான் அல்பின், வெக்கப்படாதீங்க. நானும் அதுல கஷ்டப்பட்டவன்தான். தினம் சாப்பாட்டுக்கு அப்புறம் சீமைச் சீரகத்தைத் தண்ணில கொதிக்க வச்சுக் குடிங்க. முட்டைக்கோஸை மட்டும் கொஞ்ச நாளைக்கு நிறுத்திடுங்க."

"எதுக்கு, சாமி?"

"எல்லாம் கடவுள் கொடுத்த உடம்புதானே," என்றார் சாமியார். ஜன்னலைத் தானே திறந்துவிட்டு, கீழே இறங்கிப் போய்விட்டார்.

அல்பினுக்கு விஷயம் விளங்க ஐந்து நிமிஷம் ஆயிற்று. விளங்கியதும் சிரித்தார். ரெனாத்தா சிரிக்கவில்லை. மேசைத் துணியைச் சுருட்டி அவர் மேல் எறிந்தாள். "இருபது வருஷமா அந்தக் கோயில் பூவெல்லாம் நான்தான் அடுக்கறேன்! இனிமே எந்த முகத்தை வச்சுக்கிட்டுப் போவேன்?"

எங்கள் படிக்கட்டுக்குப் பொறுப்பாளர் முதல் மாடி ஃபெலிக்ஸ். ரயில்வேயில் கால அட்டவணை போடும் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். தனியாள். கீழே வாசலில் அறிவிப்பு ஒட்டுவதற்கென்றே ஒரு கண்ணாடிப் பெட்டி வைத்து, அதன் சாவியை இடுப்பில் கட்டியிருந்தார். 'படியில் கம்பளி உதறக் கூடாது.' 'சைக்கிள் அறையில் சைக்கிள் மட்டும்.' அவர் கையெழுத்தில் ஒரு எழுத்து மற்றொன்றைத் தொடாது.

குழாயில் வருகிற அடுப்புக் காஸுக்கும் அதே முட்டை நாற்றம்தான் என்பதால், சாமியார் வந்துபோன மூன்றாம் நாள் ஃபெலிக்ஸ் காஸ் அவசரப் பிரிவுக்குப் போன் செய்துவிட்டார். மஞ்சள் வண்டி வந்தது. இரண்டு பேர், அதில் மூத்தவர் பெயர் எட்மூண்ட். கையில் காஸ் கசிவைக் கண்டுபிடிக்கும் ஒரு கருவியோடு நிலவறையிலிருந்து நாலாம் மாடி வரை ஏறினார்கள். கருவி முணுக்கென்றுகூடச் சத்தம் போடவில்லை. எட்மூண்ட் கருவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு தன் மூக்கை நீட்டியபடியே இறங்கி வந்து, அல்பின் வீட்டுக் கதவைத் தட்டினார்.

பின்னாலேயே ஃபெலிக்ஸ். அவருக்குப் பின்னால் நாங்கள் எல்லோரும்.

எட்மூண்ட் சரக்கறையைத் திறந்தார். குனிந்து குழாய் வாயில் மூக்கை வைத்து ஒரு இழுப்பு இழுத்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"அடியில தங்கற ஈஸ்ட்டா?"

"ஆமாம்," என்றார் அல்பின்.

"எத்தனை டிகிரி?"

"பத்து."

"போடறதுக்கு முன்னாடி கஷாயத்தை நல்லா ஆத்தினீங்களா? காத்து பட விட்டீங்களா?"

"சும்மா ரெண்டு கலக்கு கலக்கினேன்."

"அதான். ஈஸ்ட் பட்டினி கிடக்கு. எனக்கும் போன வருஷம் இதே கதி. மாமியார் வீட்டை விட்டே போயிட்டாங்க."

இரண்டு பேரும் டிரம்முக்கு இரண்டு பக்கமும் குந்தி உட்கார்ந்துகொண்டார்கள். அரை மணி நேரம். எந்த ஊர்ப் பூ, எத்தனை நாள் ஊறல், தண்ணீரில் சுண்ணாம்பு எவ்வளவு. ஃபெலிக்ஸ் வாசலில் நின்று மூன்று தடவை தொண்டையைக் கனைத்தார். கடைசியில் பொறுக்க முடியாமல், "ஐயா, இது ஆபத்தா இல்லையா? அதைச் சொல்லுங்க!" என்றார்.

"உயிருக்கு ஒண்ணுமில்ல," என்றார் எட்மூண்ட் எழுந்திருக்காமலே. "மரியாதைக்குத்தான் ஆபத்து."

வெற்றுப் புகாருக்கு வண்டியை வரவழைத்ததாக ஃபெலிக்ஸ் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. அன்று சாயங்காலமே ஒரு மனு தயாராகிவிட்டது. 'பொதுக் காற்றுப்போக்கியைத் தனிநபர் துர்நாற்றத்துக்குப் பயன்படுத்துதல் குறித்து.' எட்டு வீட்டில் ஏழு கையெழுத்து. ஏழில் ஒன்று என்னுடையது. மறைத்து என்ன ஆகப்போகிறது? என் சமையலறைத் திரைச்சீலையை இரண்டு தடவை துவைத்திருந்தேன்.

பிப்ரவரி நடுவில் குடியிருப்புச் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. இனி வீட்டில் பீர் காய்ச்சக் கூடாது. அல்பின் சண்டை போடவில்லை. முதிர்ந்திருந்த பீரைப் பாட்டிலில் அடைத்தார். டிரம்மைச் சோடா உப்பு போட்டுக் கழுவி, பால்கனியில் கவிழ்த்து வைத்தார். அதற்குப் பிறகு படியில் பார்த்தால் வணக்கம் சொல்வார், அவ்வளவுதான். நான்தான் எதையாவது பேச்சுக் கொடுப்பேன். "குளிர் குறையலை இல்லே?" "குறையலை, பானி யூலிட்டா." அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் மறுபடி சுவரைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார் என்று ரெனாத்தா சொன்னாள். நாற்றம் போனதில் அவளுக்குக்கூடச் சந்தோஷம் இல்லை.

மார்ச் ஒன்றாம் தேதி அல்பினின் பெயர்நாள். அந்த வருஷம் அது ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. மத்தியானம் பன்னிரண்டரை இருக்கும். கட்டடம் முழுக்க, பொரிப்பதற்காகப் பன்றிக் கறியைச் சுத்தியலால் தட்டி மெலிதாக்கும் சத்தம். நான் முட்டையும் ரொட்டித் தூளும் எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். காற்றுப்போக்கி வழியாக வந்தது அந்த நாற்றம்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கையெழுத்துப் போட்டதற்காக இரண்டு வாரமாகக் கூனிக் குறுகியிருந்தவள் நான். இந்த ஆளோ சத்தம் போடாமல் மறுபடி காய்ச்சுகிறார்! கையில் மாவோடு அப்படியே கீழே இறங்கி அவர் கதவைத் தட்டினேன். நாலாம் மாடிக்காரர் எனக்கு முன்னாலேயே இறங்கி வந்து அங்கே நின்றிருந்தார்.

அல்பின் கதவைத் திறந்தார். பெயர்நாளுக்கு நல்ல சட்டை, கழுத்துப்பட்டை.

"பான் அல்பின், இது நியாயமா? மறுபடி ஆரம்பிச்சுட்டீங்களே!"

"எதை?"

"எதையா? படியெல்லாம் நாறுது!"

"நாறுதா? என்ன நாத்தம்?"

"உங்களுக்குத் தெரியாத மாதிரி! அதே முட்டை நாத்தம்தான்."

"தெரியாதும்மா, எனக்கு எப்படித் தெரியும்?" என்றார் அவர், ரொம்பப் பொறுமையாக. "என் டிரம் ரெண்டு வாரமா பால்கனில கவுந்து கிடக்கு. வேணா வந்து பாருங்க."

நான் வாயைத் திறந்தேன். நாலாம் மாடிக்காரரும் திறந்தார். ஈஸ்ட் இல்லையென்றால் இது என்ன நாற்றம் என்று அப்போதுதான் உறைத்தது. அல்பின் எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தார். பிறகு திரும்பி, அந்த மனிதரிடமிருந்து நான் கேட்டேயிராத ஒரு குரலில் கத்தினார்.

"ரெனாத்தா! குச்சியைக் கீழ போடு!"

ரெனாத்தா சமையலறையில் அடுப்பின் முன்னால் மண்டியிட்டிருந்தாள். கேக் கலவை பக்கத்தில், ஒரு கையில் தீப்பெட்டி, மறு கையில் குச்சி. அடுப்பைத் திறந்து பற்றவைக்கப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"உன் பாட்டில் ஏதோ உடைஞ்சிருக்குன்னு நினைச்சேன்," என்றாள்.

"கொண்டா அதை." தீப்பெட்டியைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு அல்பின் படிக்கு வந்தார். "மணி அடிக்காதீங்க, பொறி பறக்கும். லைட் போடாதீங்க. கையால தட்டுங்க. எல்லாரும் வெளிய போங்க. போன் வெளிய போய்ப் பண்ணுங்க."

ஐம்பத்து நாலு வயது ஆள், ஒரே மூச்சில் நாலாம் மாடி வரை ஏறி முஷ்டியால் கதவு கதவாக இடித்தார். "அடுப்பை அணைங்க! இது என் ஈஸ்ட் இல்ல! நான் காய்ச்சல!" டிராலிபஸ் கதவை மூடும்போது கூட்டத்தை உள்ளே தள்ளுகிற அதே தோரணையில் எல்லோரையும் வெளியே தள்ளினார். ஒருத்தி, "உங்க நாத்தத்துக்கு நாங்க ஏன் வெளிய போகணும்?" என்று கேட்டாள். அவளைத் தோளைப் பிடித்துத் திருப்பிப் படியில் இறக்கினார்.

ஐந்து நிமிஷத்தில் எட்டு வீட்டில் ஏழு வீட்டுச் சனமும் பனியில் நின்றோம். வீட்டுச் செருப்போடு, ஏப்ரனோடு. ஒருவர் கையில் கறி தட்டும் சுத்தியல். ரெனாத்தா கேக் கலவைப் பாத்திரத்தை மார்போடு அணைத்துக்கொண்டிருந்தாள். ஃபெலிக்ஸ் வீடு மட்டும் பூட்டியிருந்தது. அவர் பன்னிரண்டு மணிப் பூசைக்குப் போயிருந்தார்.

மஞ்சள் வண்டி வந்தது. இறங்கினவர் எட்மூண்ட். அல்பினைப் பார்த்ததும் சிரித்தார். "என்ன, மறுபடி பட்டினி போட்டுட்டீங்களா?"

"நான் காய்ச்சல," என்றார் அல்பின்.

எட்மூண்டின் சிரிப்பு நின்றது. கருவியை எடுத்துக்கொண்டு வாசலுக்குள் போனார். முதல் மாடிக்குப் போகும் முன்பே அது அலற ஆரம்பித்த சத்தம் எங்களுக்கு வெளியே கேட்டது. இன்னும் ஒரு நிமிஷம் நான் என் மாடியிலேயே நின்று திட்டிக்கொண்டிருந்தால், ரெனாத்தா குச்சியை உரசியிருப்பாள்.

அந்த நேரம் பார்த்து ஃபெலிக்ஸ் வந்தார். கறுப்பு ஓவர்கோட், ஞாயிற்றுக்கிழமைத் தொப்பி. கூட்டத்தையும் மஞ்சள் வண்டியையும் பார்த்தவர், கேட்டிலிருந்தே குரல் கொடுத்தார்.

"பார்த்தீங்களா! நான் அப்பவே எழுதினேன்! இந்த ஆள் என்ன பண்ணிட்டார் இப்போ?"

எட்மூண்ட் வாசலுக்கு வந்து, "ரெண்டாம் நம்பர் வீடு யாருது?" என்று கேட்டார்.

"என்னுது."

"சாவி குடுங்க."

ஃபெலிக்ஸ் இடுப்பிலிருந்து சாவிக்கொத்தைக் கழற்றினார். முதலில் கண்ணாடிப் பெட்டியின் சாவியை நீட்டினார்.

சுவரில் ஓடு ஒட்டுவதற்காக அவர் அந்த வாரம் அடுப்பை நகர்த்தியிருந்தார். தானே நகர்த்தி, தானே குழாயை மாட்டி, தானே முடுக்கியிருந்தார். அது சரியாகப் பொருந்தவில்லை. அவ்வளவுதான். எட்மூண்ட் காஸை அடைத்து, எல்லா ஜன்னலையும் திறந்துவிட்டு, முக்கால் மணி கழித்து எங்களை உள்ளே விட்டார். அதற்குள் ரெனாத்தாவின் கேக் கலவையில் பனி விழுந்திருந்தது.

ஃபெலிக்ஸ் வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். தொப்பி மடியில். "மரை சரியாத்தான் இருந்துச்சு," என்றார் யாரிடமோ. "கடைக்காரன் கொடுத்த வளையம் சரியில்ல." கொஞ்ச நேரம் கழித்து, "காலைலயே மூக்குல பட்டுச்சு. மனுவை இன்னொரு தடவை அனுப்பணும்னு நினைச்சுக்கிட்டே பூசைக்குப் போனேன்," என்றார்.

அல்பின் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். "எனக்கு அதுகூடப் படலை, பான் ஃபெலிக்ஸ்," என்றார். அன்று சாயங்காலம் பெயர்நாள் விருந்து ஃபெலிக்ஸுக்கும் சேர்த்துத்தான் நடந்தது. பிப்ரவரியில் அடைத்த அந்தப் பொன்னிற பீரை உடைத்தோம். முட்டை நாற்றம் சுத்தமாகப் போயிருந்தது. நான் மூன்று கோப்பை குடித்தேன். ஃபெலிக்ஸ் நாலு குடித்தார்.

அடுத்த வாரம் அவரே கூட்டம் கூட்டினார். மனுவைத் திரும்பப் பெறுவது தன் வாழ்க்கையில் முதல் தடவை என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. "நாத்தம் பிரச்சனை இல்ல," என்றார். "எது யாரோட நாத்தம்னு தெரியாததுதான் பிரச்சனை. அதுக்கு ஒரு அட்டவணை வேணும்." சங்கமும் ஒத்துக்கொள்ள, தீர்மானம் இப்படி ஆயிற்று: அல்பின் கீழே நிலவறையில் இருக்கிற சைக்கிள் அறையில் காய்ச்சலாம், அதற்குத் தனிக் காற்றுப்போக்கி உண்டு. என்ன நாற்றம், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று கண்ணாடிப் பெட்டியில் அறிவிப்பு ஒட்ட வேண்டும். அதில் எழுதாத நாளில் எழுதாத நாற்றம் வந்தால் உடனே மஞ்சள் வண்டி.

முதல் அறிவிப்பு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. 'செவ்வாய் முதல் ஞாயிறு வரை: அழுகின முட்டை. மிதமானது. இது காஸ் இல்லை.' ஃபெலிக்ஸின் கையெழுத்து, அடியில் முத்திரை.

பிரச்சனை என்னவென்றால், நாற்றத்துக்குப் பெயர் வைக்க வேண்டியவருக்கு அதை மோந்து பார்க்க முடியாது. ரெனாத்தா சொல்வதை எழுதினார்கள். புதன்கிழமை நாலாம் மாடிக்காரர் ஆட்சேபம் சொன்னார். "இது முட்டை இல்ல, வேகவச்ச முட்டைக்கோஸ்." நான் போய் மோந்து பார்த்தேன், எனக்கு முட்டைதான் பட்டது. ஃபெலிக்ஸ் இறங்கி வந்து கண்ணை மூடி நின்று, "உரசி அணைச்ச தீக்குச்சி," என்றார். அல்பின் நோட்டை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார்.

"தீக்குச்சியா? அப்போ குறையுது! முட்டைலேர்ந்து தீக்குச்சிக்கு வந்தா குறையுதுன்னு அர்த்தம். பான் ஃபெலிக்ஸ், நாளைக்கும் வந்து பாருங்க."

அப்படி ஆரம்பித்ததுதான். வேலைவிட்டு வருகிறவர்கள் வீட்டுக்குப் போகும் முன் நிலவறைக்கு இரண்டு படி இறங்கி, ஒரு இழுப்பு இழுத்து, சொல்லிவிட்டுப் போக ஆரம்பித்தார்கள். நாறுகிறது என்று மட்டும் சொன்னால் அல்பின் விடமாட்டார். "எது மாதிரி நாறுது? யோசிச்சுச் சொல்லுங்க." பழைய பூவைப் போட்ட தடவை 'ஈரக் காலுறை' என்று ஒருமனதாக எழுதினோம். டிரம்மை இரண்டு மாதம் மறந்துபோய் விட்ட தடவை 'கருகின டயர்'. அதை அவர் கண்கலங்கச் சாக்கடையில் கொட்டினார். எனக்கு அதுவரை நல்ல வாசனை, கெட்ட வாசனை என்று இரண்டுதான் தெரியும். அந்த வருஷம்தான் நடுவில் எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்தது. அல்பின் நாங்கள் சொல்வதைக் கேட்கும்போது கண்ணை மூடிக்கொள்வார். 'மழை பெய்த வைக்கோல்' என்று நான் ஒருமுறை சொன்னேன். "வைக்கோல்," என்று திருப்பிச் சொன்னார். "எனக்கு ஞாபகம் இருக்கு அது."

கஷாயத்தை ஆற்றவும் ஈஸ்ட்டுக்குச் சாப்பாடு போடவும் எட்மூண்ட் வந்து கற்றுக்கொடுத்த பிறகு நாற்றம் பாதியாகக் குறைந்தது. இரண்டு வருஷம் கழித்து அல்பின் தன் பொன்னிற பீரை வீட்டில் காய்ச்சுவோர் போட்டி ஒன்றுக்கு அனுப்பினார். பரிசு இல்லை. நடுவர்களின் தாள் வந்தது. 'தெளிவு நன்று. கசப்பு நன்று. வெண்ணெய் வாசனை தெரிகிறது. அது இருக்கக் கூடாது.'

படிக்கட்டே கொதித்தது. "வெண்ணெயா? எந்த வெண்ணெய்?" என்றார் நாலாம் மாடிக்காரர். "ஏழு மூக்கு மோந்து பார்த்த பீர் அது!" ஃபெலிக்ஸ் மூன்று பக்கத்துக்கு ஆட்சேபக் கடிதம் எழுதி எடுத்துக்கொண்டு வந்தார். எல்லோரும் அல்பின் வீட்டுக் கூடத்தில் கையெழுத்துப் போட வரிசையில் நின்றோம். பேனா ரெனாத்தாவிடம் வந்தது. அவள் வாங்கிக்கொள்ளவில்லை.

"வெண்ணெய் இருந்துச்சு," என்றாள்.

எல்லோரும் அவளைப் பார்த்தோம்.

"நான் முந்நூறு பேருக்குச் சமைக்கறவ. வெண்ணெய் எனக்குத் தெரியாதா? முதல் நாளே தெரியும்."

அல்பின் மெதுவாகக் கேட்டார். "அப்ப ஏன் சொல்லல?"

"சொன்னா இன்னும் ரெண்டு வாரம் வைக்கணும்பே. காலிப் பாட்டிலெல்லாம் என் குளியல்தொட்டில கிடந்துச்சு. எனக்குக் குளிக்கணும் போல இருந்துச்சு, அல்பின்."

அவர் ஒரு நிமிஷம் அவளைப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்து, நிற்க முடியாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஃபெலிக்ஸ் கடிதத்தை நாலாக மடித்துக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டார். அல்பின் கண்ணைத் துடைத்துக்கொண்டு நோட்டைத் திறந்தார். 'வெண்ணெய். ரெனாத்தா சொன்னது. பாட்டிலில் அடைக்கும் முன் மூன்று நாள் வெதுவெதுப்பில் வைக்க வேண்டும்' என்று எழுதினார்.

சனிக்கிழமை ரெனாத்தாவைக் கூட்டிக்கொண்டு பழைய சாமான் சந்தைக்குப் போனார். பாட்டில் ஊறப்போட ஒரு துத்தநாகத் தொட்டி வாங்கி, இரண்டு பேரும் ஆளுக்கொரு காதைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பாட்டில் எல்லாம் அன்றே சைக்கிள் அறைக்கு இறங்கிப் போயின. சாயங்காலம் அவர்கள் குளியலறையில் ஒன்றரை மணி நேரம் தண்ணீர் ஓடுகிற சத்தம் மூன்றாம் மாடியில் எனக்குக் கேட்டது.